சிரித்தால் மட்டும் க்ளிக்!

"ஐயோ... யாராச்சும் மேல வாங்களேன்! எந்திரிக்க மாட்டேங்காரே!"

அலறல் மாடியிலிருந்து வந்தது.

குற்றாலம் ஐந்தருவி சாலையில் ஒரு சின்ன லாட்ஜ். சாரல் அடிக்கிற மாதங்களில் மட்டும் நிரம்பும். ரூம் போட்டிருந்தவர்கள் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக அப்படியே படியேறி ஓடினார்கள்.

கட்டிலில் லாட்ஜ் ஓனர் ஸ்டான்லி கிடந்தார்.

பக்கத்தில் ஒரு தலையணை. தரையில் கொட்டிய காபி. அவர் மனைவி பெர்சிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் குழல்வாய்மொழி இறங்கினாள்.

பெயரில்தான் குழல். பேச்சு முழுக்க லத்தி!

"என்ன டாக்டர்?"

"ராத்திரியே போயிட்டாரு மேடம். தலையணைய வச்சு அமுக்கியிருக்கு."

"ராத்திரி லாட்ஜுக்குள்ள யார் யாரு?"

ஏட்டு கடற்கரை விசாரித்துவிட்டு வந்திருந்தார். "ரூம்காரங்க எல்லாம் பின்கட்டுல மேடம். நடுக்கதவு பூட்டு. அலறல் கேட்ட பெறவுதான் தொறந்திருக்கு. முன்கட்டுல மூணே பேருதான். செத்தவரு, அவர் சம்சாரம், அவர் தம்பி ஜெனோ."

செத்தவரைக் கழித்தால் மிச்சம் இரண்டு பேர்.

தம்பி ஜெனோ அறை வாசல்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தான். அழுகை சத்தம் ஐந்தருவியோடு போட்டி போட்டது.

"மேடம்... அங்கன பாருங்க," என்றான் துண்டுக்குள்ளிருந்தே. "அண்ணன் கேமரா ஆன்ல நிக்கி. அதுல ஏதாச்சும் விழுந்திருக்கும்."

ஸ்டாண்டின் மேல் ஒரு கேமரா. பார்த்தால் ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருப்பது போலப் பெரிய முகம். விலையோ அதில் பாதிகூட இல்லை. லென்ஸைக் கழற்ற முடியாது. ஆனால் ஜூம் போட்டால் மலை உச்சியில் உட்கார்ந்திருக்கும் இருவாச்சிப் பறவையின் மூக்கு வரை எட்டும். வசதி குறைந்த மனுஷனுக்கு அது போதாதா!

குழல்வாய்மொழி ஜன்னலைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள்.

மலையைப் பார்த்து நிற்க வேண்டிய கேமரா கட்டிலைப் பார்த்து ஏன் நிற்கிறது?

கடற்கரை கடைசிப் படத்தைத் திரையில் கொண்டுவந்தார்.

"மேடம்!"

படத்தில் பெர்சிஸ். புருஷன் உடம்பின் மேல் குனிந்திருக்கிறாள். வாய் அகலத் திறந்து, அத்தனை பல்லும் தெரிய...

"சிரிக்கா மேடம்!" ஜெனோ எட்டிப் பார்த்துக் கத்தினான். "மூலையில சிரிச்ச மூஞ்சி அடையாளம் இருக்கு பாத்தீங்களா? ஸ்மைல் மோடு! யாரும் பட்டன அமுக்க வேண்டாம். சிரிச்சா மட்டும் தானா எடுக்கும். மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது மேடம்!"

"நீங்க எப்ப மேல வந்தீங்க?"

"மயினி கத்துன பெறவுதான். அதுவரைக்கும் கீழ தூங்கிட்டுக் கெடந்தேன். அண்ணன் கேமராவ நான் தொட்டதுகூட இல்ல."

பெர்சிஸுக்கு முகம் வெளிறிவிட்டது.

"கர்த்தர் மேல சத்தியமா நான் சிரிக்கல மேடம்! நான் கீழ தனி ரூம்லதான் படுப்பேன். காலையில காபியோட வந்து, தலையணைய எடுத்துப் பாத்ததும் அலறிட்டேன். எம் புருஷன் செத்துக் கெடக்காரு, நான் ஏன் சிரிக்கப் போறேன்?"

"உங்க ரெண்டு பேருக்கும் சண்டை உண்டா?"

பெர்சிஸ் தயங்கினாள். அந்தத் தயக்கம் குழல்வாய்மொழிக்குப் பிடிக்கவில்லை.

"உண்டு மேடம். எல்லாம் இந்தக் கேமராவாலதான். எங்கிட்டப் பேசுறத விட அதுகிட்டதான் ஜாஸ்தி பேசுவாரு. காலையில நாலு பேட்டரி செல்லு, சாயங்காலம் நாலு செல்லு... அப்படி முழுங்கும். மறந்து ஆன்ல வச்சிட்டா ரெண்டு மணி நேரத்துல செத்துரும். அதுக்குப் பயந்தே படம் எடுத்த கையோட ஆஃப் பண்ணிருவாரு. என்னைக் கிட்டயே விட மாட்டாரு."

"அப்போ கோவம் இருந்திருக்கு."

"கோவப்பட்டா கொன்னுருவாங்களா மேடம்?" அவள் உடைந்தாள். "எம் மக மதுரையில ஹாஸ்டல்ல இருக்கா. அப்பனும் போயாச்சு... அம்மையும் ஜெயிலுக்குப் போனா அந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா?"

குழல்வாய்மொழி மறுபடி திரையைப் பார்த்தாள். அழுகிறவர்களை நம்பி அவள் முன்பே ஏமாந்திருக்கிறாள். அந்தப் படமோ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

இருவரையும் கீழே அனுப்பினாள்.

"ஏட்டையா, கேமராவ ஸ்டாண்டோட தூக்குங்க. தென்காசிக்குக் கொண்டு போவோம்."

கடற்கரை ஸ்டாண்டைத் தன் பக்கம் சாய்த்துக் காலை மடக்கினார். விரல் நடுவில் மாட்டியது.

"ஆஆஆ... எம்மா!"

க்ளிக்!

இருவரும் திடுக்கிட்டார்கள். குழல்வாய்மொழி திரையைப் பார்த்தாள். திரும்பக் கடற்கரையைப் பார்த்தாள். அவள் கண்ணில் என்னவோ மாறியது.

"ஏட்டையா..."

"வெரலு போச்சி மேடம்!"

"வெரல் கெடக்கட்டும். கீழ போறோம். நான் சொல்லுற எடத்துல கேமராவ வைங்க. வாயத் தொறக்காதீங்க."

கீழே ரிசப்ஷன் மேஜையில் கேமரா உட்கார்ந்தது. லென்ஸ் ஜெனோவைப் பார்த்தது. அவனோ துண்டுக்குள் இருந்தான்.

"பெர்சிஸ், எந்திரிங்க. ஜீப்ல ஏறணும்."

"மேடம்! எம் மக..."

"ஏறுங்கன்னேன்! ஜெனோ, நீங்க துண்ட எடுங்க. சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

ஜெனோ துண்டை எடுத்தான். மார்பில் அடித்துக்கொண்டான். வாயை அகலத் திறந்தான்.

"எங்கண்ணன முழுங்கிட்டாளே... பாவீஈஈ!"

க்ளிக்!

"அடடா..." குழல்வாய்மொழி திரையை அவன் பக்கம் திருப்பினாள். "சிரிச்சிட்டீரே ஜெனோ!"

"நா... நான் எங்க சிரிச்சேன்? அழுதேன் மேடம்!"

"முப்பத்திரண்டும் தெரியுதே? யாரும் பட்டன அமுக்கல. சிரிச்சா மட்டும்தான் எடுக்கும்னு நீருதான சொன்னீரு? அண்ணன் மேல பிணமாக் கெடக்காரு, தம்பி கீழ சிரிக்கீரு. ஏட்டையா, வெலங்க எடுங்க!"

"மேடம், மேடம்! இது சும்மா டப்பா கேமரா!" ஜெனோ பதறிப்போனான். "அழுகைக்கும் சிரிப்புக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது! பல்லு தெரிஞ்சாப் போதும், எடுத்துரும்! வெங்காயம் உரிச்சிட்டு அழுதவளக்கூட எடுத்திச்சின்னு அண்ணனே எங்கிட்டச் சொல்லிச் சொல்லித் திட்டுவான்! அதனாலதான் அந்த மோடையே அவன் போட மாட்..."

நிறுத்தினான்.

லேட்!

குழல்வாய்மொழி கேமராவுக்கு முன்னால் வந்து நின்று மெல்லச் சிரித்தாள்.

க்ளிக்!

"இது மட்டும்தான் நெசமான சிரிப்பு. ஏலே, இவ்வளவும் தெரிஞ்சவன் மாடியில ஏம்ல சொல்லல? உங்க மயினி சிரிக்கான்னு அடிச்சுச் சொன்னியே!"

ஜெனோவின் கை மறுபடி துண்டைத் தேடியது.

"உங்கண்ணன் செத்தது ராத்திரி. ஆன்ல இருந்தா ரெண்டு மணி நேரத்துல செல்லு தீர்ந்துரும். ஆனா நாங்க வாறப்பவும் கேமரா உசுரோட நிக்கி. அப்போ காலையில, பிணம் கெடந்த ரூம்ல, யாரோ அத ஆன் பண்ணியிருக்கான். அவரே போடாத மோடப் போட்டு, கட்டிலப் பாத்துத் திருப்பி வச்சிருக்கான். மயினி காபியோட வருவா, பாத்ததும் அழுவா... கேமரா 'சிரிச்சா'ன்னு எடுக்கும்னு தெரிஞ்சவன். உன்னை விட்டா யாருலே?"

ஜெனோ தரையில் உட்கார்ந்துவிட்டான். இந்த முறை அழுகைக்குச் சத்தமே வரவில்லை.

"லாட்ஜ விக்கப் போறேன்னான் மேடம்... காட்டுக்குள்ள போயி பறவைய படம் எடுக்கணுமாம்! நாய் மாதிரி ஒழைச்சது நான். மயினியும் உள்ள போயிட்டா, பிள்ள படிச்சு முடிக்க வரைக்கும் லாட்ஜு எங்கையிலதான் இருக்கும்னு..."

பெர்சிஸ் அவனை அறையப் போய், முடியாமல் நாற்காலியில் சரிந்தாள். குழல்வாய்மொழி அவள் கையில் போனைக் கொடுத்தாள்.

"மகளுக்குப் பேசுங்க. நீங்க வீட்டுலதான் இருப்பீங்கன்னு மொதல்ல சொல்லுங்க."

பெர்சிஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

விலங்கு மாட்டிய ஜெனோ ஜீப்பில் ஏறும்போது லாட்ஜைத் திரும்பிப் பார்த்தான்.

"இத்தன வருசம் ஒழைச்சும் எம் பேர்ல ஒரு ரூம்கூட இல்லியே ஏட்டையா!"

கடற்கரை வீங்கின விரலை ஊதிக்கொண்டே சொன்னார்.

"ஏன்லே கவலப்படுத? பாளையங்கோட்டையில உம் பேர்லயே ஒரு ரூம் போட்டாச்சி. வாடகை கெடையாது. செக்-அவுட்டு மட்டும் ஜட்ஜய்யாவக் கேக்கணும்!"