கரிசல்பேட்டை நகர்மன்றத்தின் காற்று

காலை எட்டு மணிக்கே வெயில் நாற்பத்தெட்டு டிகிரி. தெய்வயானை உடைக்கு மேல் அணிந்திருந்த குளிர்ச்சட்டையின் விசையைக் கூட்டிவைத்துக்கொண்டு கரிசல்பேட்டை நகர்மன்றத்தின் படியேறினாள். இடிப்பாணையில் கையெழுத்திடும் அதிகாரி கட்டடத்தை ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்பது விதி. வழக்கமாகத் தொலையுருவை அனுப்புவாள். அந்த ரோபோ நடக்கும், அவள் அலுவலகத் திரையில் பார்ப்பாள். இன்று அது பழுது.

படிவத்தை முன்பே நிரப்பியிருந்தாள்: ‘குளிரூட்டி இல்லை. ஆட்கள் தங்கத் தகுதியற்றது.’ ஆனால் கூடத்தில் வெயிலுக்கு ஒதுங்கிய இருநூறு பேர் பாய்விரித்துப் படுத்திருந்தார்கள்.

“சட்டையக் கழட்டுங்கம்மா,” என்றார் மன்றத்துக் காவலாளி சூசைமாணிக்கம்.

“சாகச் சொல்றீங்களா?”

“அப்ப நாங்கள்லாம் பொணமா?”

கூடமே சிரித்தது. கழற்றினாள். பிடரியில் காற்று பட்டது, குளிர்ந்த காற்று.

சூசைமாணிக்கம் உற்சாகமாகிவிட்டார். நான்கடி கனச் சுண்ணாம்புச் சுவர் வெயிலை மெல்ல மெல்லத்தான் உள்ளே விடும். சூடு இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூடத்துச் சூடான காற்று மேலெழுந்து குவிமாடத்தின் துவாரங்கள் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, நிலவறைத் தொட்டி நீரை உரசிக் குளிர்ந்த காற்று தூண்களுக்குள் ஏறிவரும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. தூண்களில் செதுக்கிய தாமரைகளை அலங்காரம் என்றே அவள் நினைத்திருந்தாள். ஒவ்வோர் இதழுக்கடியிலும் ஒரு துளை இருந்தது.

இதே தாமரைகளைத் திரையில் பதினோர் ஊர்களில் பார்த்திருக்கிறாள். தொலையுருவுக்குக் கண் உண்டு, தோல் கிடையாது. அவள் கையெழுத்தில் பதினொன்றும் இன்று மண்மேடு.

தெய்வயானை படிவத்தை அழித்து, ‘தங்கத் தகுதியுடையது’ என்று பதிந்தாள். சூசைமாணிக்கம் அதை உரக்க வாசித்ததும் கைதட்டல் குவிமாடம்வரை போய்த் திரும்பியது.

பேச்சியம்மாள் என்பவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். “சாத்தப்பட்டி மன்றத்துல எங்கக்கா இருந்தா. அதையும் இப்பிடி நேர்ல வந்து பாத்தாகளாம்மா?”

சாத்தப்பட்டி. பதினொன்றில் ஏழாவது.

“அக்கா இப்போ எங்கே?”

“தகரக் கொட்டகைக்கு மாத்துனாக. சித்திரை வெயிலு தாங்கல. போயிட்டா.”

தெய்வயானை வாயைத் திறப்பதற்குள் சூசைமாணிக்கம் முந்திக்கொண்டார். “அது எவனோ வேற ஆபீசரு, தாயி. இவுகளா இருந்தா இடிக்க விட்டிருப்பாகளா?”

பேச்சியம்மாள் தலையசைத்தாள். தெய்வயானையின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தெய்வயானை கையை இழுத்துக்கொள்ளவில்லை. செம்பை வாங்கி, தண்ணீரைக் கடைசிவரை குடித்தாள்.