சம்பத்துபுரத்தில் காணாமற்போன சமையல்காரி

வெள்ளிக்கிழமை காலையில் அயோத்தியாப்பட்டணத்து அர்த்தநாரியின் வீட்டு வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய அம்மாள், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, "கார் ரிப்பேருங்க. அதனாலதான் ஜட்காவுல வந்தேன்" என்றாள். வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த தோட்டக்காரர் மணியன் ஏனோ ஆகாயத்தைப் பார்த்தார்.

உள்ளே கிறிஸ்துராஜ் வாத்தியார் ஜனக்கணக்குப் புஸ்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். நாற்பத்தொன்றாம் வருஷத்துக் கணக்கெடுப்பில், சம்பத்துபுரம் எக்ஸ்டென்ஷனை சர்க்கார் அவன் தலையில் கட்டியிருந்தது. சம்பளமில்லாத வேலை. ஆனால் அவனுக்குத் துப்பறிவதில் அடங்காத ஆசை. அதனால் கணக்கு எழுதும் நேரத்தைவிட அர்த்தநாரியின் வீட்டில் இருக்கும் நேரமே அதிகம்.

அர்த்தநாரி அப்காரி இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். காற்றடிக்கும் திசையில் நின்று, எந்தத் தோப்பில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தபோது கள்ளுக்கடைகளோடு அவர் வேலையும் போயிற்று. மூக்கு மட்டும் பாக்கி.

"ஏனுங்க ஐயா, எங்க ஊட்டுல திருட்டுப் போயிருச்சுங்க!" என்றாள் அம்மாள். செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டி வெங்கடாசலத்தின் சம்சாரம் சென்னியம்மாள்.

"என்னங்கம்மா போச்சு?"

"அத்தாயிங்க!"

கிறிஸ்துராஜ் பென்சிலைத் தீட்டிக்கொண்டான். "அத்தாயிங்கறது பசுமாடுங்களா?"

"சமையக்காரிங்க! நேத்து விடியக்காலையிலிருந்து ஆளைக் காணோம். வக்கீல் கந்தவேல் ஊட்டுலதான் ஒளிச்சு வெச்சிருக்கோணும். இல்லீனா டாக்டர் சவரியார் ஊட்டுல. அவங்க ரெண்டு பேருக்கும் அத்தாயி மேல ரொம்ப நாளாக் கண்ணு."

இது வெறும் புலம்பல் இல்லை. சம்பத்துபுரத்தின் பொருளாதாரமே அப்படித்தான். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் மூச்சு முட்டச் சம்பாதித்தவர்கள், காற்று வாங்குவதற்காக ஆத்தூர் ரோட்டில் மனை வாங்கி மாடி வீடு கட்டினார்கள். பணம் வந்தது, பங்களா வந்தது, பங்களாவுக்குப் பக்கத்தில் கார் செட்டும் வந்தது. சமைக்க மட்டும் ஆள் வரவில்லை. டவுன் சமையல்காரிகள் அவ்வளவு தூரம் வர மறுத்தார்கள். வந்தவர்களை அடுத்த வீட்டார் ஆசை காட்டி இழுத்தார்கள். நகை நட்டைத் திறந்த பீரோவில் போட்டுவிட்டுப் போகும் ஊரில் சமையல்காரியை மட்டும் கண்ணில் காட்ட மாட்டார்கள்.

அர்த்தநாரி நிதானமாகக் கேட்டார். "சமையக்காரி போனா வேற ஆள் பாத்துக்கலாங்கம்மா. உங்க கண்ணு செவந்திருக்கறது வேற எதுக்கோ. சொல்லிப்போடுங்க."

சென்னியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எல்லாம் கொட்டிற்று. மோகனூரில் கரும்பும் வாழையுமாகக் காவேரிக் கரையில் செழித்திருக்கும் அருணகிரி, வெல்லம் போட வந்தபோது ஒரு நாள் வீட்டில் சாப்பிட்டார். அத்தாயி வைத்த ரசத்தை மூன்று முறை வாங்கிக் குடித்துவிட்டு, யார் வைத்தது என்று கேட்டார். சென்னியம்மாள் கொஞ்சமும் யோசிக்காமல், "எம்மவ சௌந்திரம் வெச்சதுங்க" என்றாள். ஒரே வாரத்தில் தம் மகனுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்.

"ஞாயித்துக்கெழமை சம்சாரத்தோட, பையனோட வாராருங்க. பொண்ணு கையால வெச்ச ரசம் இருந்தாத்தான் கை நனைப்பாராம். எம்மவளுக்கு வெந்நி வெக்கத் தெரியாதுங்க. அடுப்புப் பக்கம் போனா கருத்துப்போயிருவான்னு நானே உட்டதில்லை. அவ என்னடான்னா போன வாரம் கோயில்ல அந்தப் பையனைப் பாத்ததிலிருந்து..." அவள் மறுபடியும் முந்தானையை எடுத்தாள்.

பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. இலையில் கை வைக்காமல் எழுந்தால், அந்தப் பேச்சு அத்தோடு சரி. சாப்பாட்டுப் பேச்சு கிறிஸ்துராஜுக்குப் பசியைக் கிளப்பிற்று. அன்று அவனுக்கு ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை அது.

"ஜனக்கணக்கு எழுத வாத்தியார் எப்படியும் வருவார். நானும் கூட வாரேன்" என்றார் அர்த்தநாரி. "மொதல்ல உங்க ஊட்டைப் பாக்கறேன்."

"பாருங்க. சௌந்திரம் இருக்கா. நான் கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு, மண்டியில அவரையும் பாத்துட்டு வாரேன்." ஜட்கா மணியனையும் ஏற்றிக்கொண்டு சேலத்தை நோக்கிப் போயிற்று.

வெல்ல மண்டியாரின் பங்களாவுக்கு முன்னால் கார் செட்டு கம்பீரமாக நின்றது. பெரிய இரட்டைக் கதவு, பெரிய பூட்டு. கதவுக்கு முன்னால் முழங்கால் உயரப் புல். புல்லின் நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு மிதிபட்ட ஒற்றைத் தடம். அர்த்தநாரி அங்கே சற்று நின்றுவிட்டு உள்ளே போனார்.

சௌந்திரம் முகமெல்லாம் வேர்வையாக வந்து கதவைத் திறந்தாள். இடுப்பில் ஒரு சாவி தொங்கிற்று.

"ஊட்டுல யாரெல்லாம் இருக்கீங்கம்மா?" என்று கிறிஸ்துராஜ் புஸ்தகத்தைப் பிரித்தான்.

"இப்ப நான் மட்டும்தானுங்க. அம்மாவும் மணியண்ணனும் ஐயா ஊட்டுக்குத்தானுங்க போனாங்க."

சமையற்கட்டு மூலையில் சுருட்டி வைத்த பாய். அத்தாயி படுக்கும் இடம் அது. ஆணியில் அவளுடைய சுருக்குப்பை. அர்த்தநாரி பையைப் பிரித்து ஒரு வெற்றிலையை எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். "நல்ல பச்சையா இருக்கு" என்றார்.

"பசியோட வந்திருப்பீங்க" என்று சௌந்திரம் இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்தாள். ஆவி பறக்கும் சந்தகை, கொங்கு நாட்டு இடியாப்பம். மேலே தேங்காய்ப் பால், வெல்லம். "நானே செஞ்சதுங்க."

கிறிஸ்துராஜ் தன் ஒருசந்திச் சாப்பாட்டை இதிலேயே முடித்துக்கொள்வது என்று தீர்மானித்து, ஆவலோடு ஒரு வாய் போட்டான். உப்பு கடலைப் போல இருந்தது. இழை இழையாக வரவேண்டியது துண்டு துண்டாக வந்திருந்தது. தவக்காலத்து ஒறுத்தல் என்று நினைத்து விழுங்கினான். அர்த்தநாரியோ கடைசி இழைவரை சாப்பிட்டுவிட்டு, "சூடா இருக்கும்மா" என்றார்.

அடுத்து வக்கீல் வீடு. சமையற்கட்டுக் கதவிடுக்கில் ஓர் அம்மாள் மஞ்சள் படிந்த விரலோடு எட்டிப் பார்த்தாள்.

"எங்க பெரியம்மா" என்றார் கந்தவேல் அவசரமாக.

"வயசு?" என்றான் கிறிஸ்துராஜ்.

பெரியம்மா வக்கீலைப் பார்த்து, "எத்தனைன்னு சொல்லட்டுமுங்க எசமான்?" என்றாள்.

வக்கீல் கோர்ட்டில் ஒருநாளும் அப்படி வேர்த்ததில்லை. டாக்டர் சவரியாரின் வீட்டிலும் இதே கூத்து. அங்கே ஆரோக்கியம் என்ற 'அத்தை', டாக்டர் அந்தப் பக்கம் போனதும் கிறிஸ்துராஜின் காதோரம் வந்து, "வாத்தியாரே, உங்க ஹெட்மாஸ்டர் வீட்டுல சமையலுக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டாள்.

தெருவுக்கு வந்ததும் கிறிஸ்துராஜ் குதித்தான். "ஐயா, வக்கீல்தான்! அந்தப் பெரியம்மாதான் அத்தாயி!"

"அத்தாயிக்கு வெத்தலை இல்லாம ஆகாது. அந்தம்மா பல்லு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. வாத்தியாரே, சந்தகை எப்படி?"

"உப்பு, ஐயா."

"சூடு?"

"நாக்கு பொத்துப்போச்சு."

"அதை மறந்துறாதீங்க" என்று அர்த்தநாரி நடையைக் கட்டினார். சௌந்திரம் எங்கோ காப்பி கிளப்பில் வாங்கிவந்து தான் செய்ததாகச் சொல்கிறாள் என்று கிறிஸ்துராஜ் அன்று முழுவதும் நம்பினான். தாயைப் போலப் பிள்ளை என்று வருத்தம்கூடப் பட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் வெல்ல மண்டியாரின் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். வக்கீலும் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சௌந்திரம் தூணோரம் நின்றாள்.

"இவங்க ரெண்டு பேரும் ஒளிச்சு வெச்சிருக்கறது அவங்கவங்க சொந்தச் சமையக்காரியைத்தான்" என்று அர்த்தநாரி ஆரம்பித்தார். "ஒருத்தருக்கொருத்தர் பயந்துக்கிட்டுப் பெரியம்மா, அத்தைன்னு உறவு கொண்டாடியிருக்காங்க. அத்தாயியை யாரும் கடத்தலை."

"அப்ப அவ எங்கீங்க?" என்றாள் சென்னியம்மாள்.

"நேத்து உங்க ஊட்டுல சந்தகை சாப்பிட்டேன்."

"எங்க ஊட்டுலயா?"

"சந்தகைக்கு வெந்த மாவைக் கொதிக்கக் கொதிக்க அச்சுல போடோணும். ஆறிப்போனா கல்லு. ஒருத்தர் மேல தொங்கிக்கிட்டுக் கட்டையை அமுக்கோணும், ஒருத்தர் கீழ குனிஞ்சு தட்டைச் சுத்திச் சுத்திப் பிடிக்கோணும். கூடமாட ஆள் இல்லாம எந்த ஊட்டுலயுங்க சந்தகை புழிஞ்சிருக்காங்க? ஆனா பாப்பா, தான் மட்டும்தான் ஊட்டுல இருக்கறதாச் சொல்லுச்சு."

வக்கீலுக்கு வக்கீல் புத்தி. "கடையில வாங்கியிருக்கலாமே?"

"அந்த உப்புக்குக் கடை நடத்தினா ஒரே நாள்ல மூடோணும். அதுவுமில்லாம, சேலத்துல வாங்கினது இங்க வந்து சேரறதுக்குள்ள ஆறியிருக்கும். ஆவி பறந்துச்சுங்க."

"தோட்டக்காரர் கட்டையை அமுக்கியிருக்கலாமே?" என்றார் டாக்டர்.

"அவர் எங்க ஊட்டுக்கு வந்த ஜட்காவுல இருந்தார். சரி, ரெண்டாவது ஆள் யாரு? ஆணியில அத்தாயி பை. ஆள் காணாமப் போனதுக்கு மறுநாள் அதுல வெத்தலை கொஞ்சமும் வாடலை. பாப்பா வெத்தலை போடறதில்லை. ஆக, அத்தாயி வந்து போயிக்கிட்டுத்தான் இருந்திருக்கா. எங்கிருந்துன்னு கேட்டா..." அவர் வாசல் பக்கம் திரும்பினார். "இந்த ஊட்டுல யாருமே தொறக்காத கதவு ஒண்ணுதான், ஆனா அதுக்கு முன்னால புல்லுல ஆள் நடந்த தடம் இருக்கு. தொறந்தா உள்ள என்ன இல்லைன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோயிரும்."

சென்னியம்மாளின் முகம் வெளுத்தது. "ஐயா, வேண்டாமுங்க..."

சௌந்திரம் இடுப்புச் சாவியை எடுத்துக்கொண்டு தானே முன்னால் நடந்தாள். கார் செட்டின் பூட்டு திறந்தது. உள்ளே கார் இல்லை. கார் நின்ற அடையாளமும் இல்லை. மூன்று கல் அடுப்பும், சுற்றிலும் வரிசையாக ரசச் சட்டிகளும், நடுவே கால் நீட்டி வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் அத்தாயியும்தான்.

"வாங்க சாமி" என்றாள் அத்தாயி. "ஒம்பதாவது சட்டி. இது கொஞ்சம் தேவலை."

"அம்மா, நாந்தான் ஒளிஞ்சுக்கச் சொன்னேன்" என்றாள் சௌந்திரம். "அத்தாயி இருந்தா நீங்க என்னைய அடுப்பாண்ட உடமாட்டீங்க. அவ இல்லீனா நீங்க தேடப் போயிருவீங்க, நான் கத்துக்குவேன். எனக்கு அவங்க ஊட்டுக்குப் போகோணும். பொய் சொல்லிப்போட்டுப் போகப் புடிக்கலை."

சென்னியம்மாள் மகளை அடிக்கக் கையை ஓங்கி, அவளுடைய கொப்புளம் கண்ட உள்ளங்கையைப் பார்த்ததும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கார் இல்லாததைப் பற்றி யாராவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "எங்க செட்டுல எருமைக்கு வைக்கோல்தான் போட்டிருக்கு" என்றார். டாக்டரும் தம் செட்டில் கோழி அடைப்பதை ஒப்புக்கொண்டார். சம்பத்துபுரத்தில் அவ்வளவு உண்மை ஒரே சாயங்காலத்தில் பேசப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை அருணகிரி வந்தார். கூடவே மனைவியும், தலை நிமிராத மகனும். அர்த்தநாரியும் கிறிஸ்துராஜும் பந்தியின் கடைசியில் உட்கார்ந்தார்கள். வெங்கடாசலம் அவர்களை வரவேற்று உட்கார வைத்தார். இலை போட்டாயிற்று. ஆனால் அருணகிரி கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"ரசம் வரட்டும்" என்றார்.

சௌந்திரம் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்தார். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"அன்னைக்குக் குடிச்ச ரசம் இது இல்லீங்களே?"

சென்னியம்மாள் புதிதாக ஒரு பொய் தேடி வாயைத் திறந்தாள். அதற்குள் சௌந்திரம் முந்திக்கொண்டாள். "அன்னைக்கு வெச்சது அத்தாயிங்க மாமா. இது நான் வெச்சதுங்க. மூணு நாளாத்தான் கத்துக்கறேன்."

அருணகிரி கிண்ணத்தைக் கீழே வைத்தார். பெண்ணின் கையைப் பார்த்தார். பிறகு சொம்பை எடுத்துக் கையைக் கழுவிக்கொண்டு, இலையில் சோற்றைக் குழி பண்ணி, "ஊத்தம்மா" என்றார். "உப்புத் தூக்கல்தான். எங்க ஊட்டுக்காரியும் வந்த புதுசுல இப்படித்தான் வெச்சா."

மகன் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். சென்னியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அது நிலைத்து நிற்பதற்குள் அருணகிரி சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சம்பந்தி, அந்த அத்தாயியையும் பொண்ணு கூட மோகனூருக்கு அனுப்பி வெச்சீங்கன்னா..."

"பொண்ணைக் கேட்டீங்க, குடுத்துட்டேன்!" சென்னியம்மாள் துள்ளி எழுந்தாள். "அத்தாயியை மட்டும் கேக்காதீங்க! வாத்தியாரே, புஸ்தகத்தை எடுங்க! அன்னைக்கு எம்மவ கணக்குக் குடுத்தப்ப அவளை உட்டுப்போட்டா. இப்ப எழுதுங்க, அத்தாயி, எங்க ஊட்டு ஆளு!"

கிறிஸ்துராஜ் எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தான். அத்தாயி ரசச் சட்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "இருங்க சாமி, எழுதாதீங்க" என்றாள். "மூணு நாளா அந்தக் கார் செட்டுலதான் நல்லாத் தூங்கினேன். இனிமே அடுப்பு மூலையில பாய் விரிக்க மாட்டேன். அந்தச் செட்டு எனக்குன்னா இங்க இருக்கேன். இல்லீனா மோகனூர்ல காவேரித் தண்ணி நல்லாருக்குமாம்."

அருணகிரி நம்பிக்கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். சென்னியம்மாள் கார் செட்டைப் பார்த்தாள், அத்தாயியைப் பார்த்தாள், கடைசியாக சௌந்திரத்தின் இடுப்பிலிருந்த சாவியைத் தானே அவிழ்த்து அத்தாயியின் கையில் வைத்தாள்.

"இப்ப எழுதுங்க, சாமி" என்றாள் அத்தாயி.