சிங்கத்தின் கண்ணில் ஈ

"வீல்...!"

சிங்கக் கூண்டுக்கு முன்னால் ஒரு பெண்மணி அலறினாள்.

பக்ரீதுக்கு மறுநாள். மதியம் ஒரு மணி. இபாடான் நகரத்தில் பாதிப் பேர் புதுத்துணியோடு இரோகோ மிருகக்காட்சி சாலைக்குள்தான் இருந்தார்கள்.

"என்னம்மா... என்ன ஆச்சு?"

"ஈ... அது கண்ணு மேல ஈ நடக்குது. அது இமைக்கவே இல்ல."

எல்லோரும் பார்த்தார்கள்.

ஜகுன் என்ற கிழட்டுச் சிங்கம், இடது கால் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. திறந்த கண்ணின் மேல், டிக்கெட் வாங்கி வந்தது போல நிதானமாக உலாத்திக்கொண்டிருந்தது ஈ.

செத்துப்போயிருந்தது. ஈ அல்ல. சிங்கம்!

அங்கே படம் எடுத்து விற்கும் ரிசிகாட், கண்ணிலிருந்து கேமராவை இறக்கினாள். இறக்கிய மறுவிநாடி அவள் மூக்குக்கு நேரே ஒரு விரல்.

"இவதான்... இவதான் கொன்னா."

விரலுக்குச் சொந்தக்காரர் மேனேஜர் போபூலா. நீல நிறத்தில், மூன்று பேர் நுழையலாம் போல ஒரு புது அங்கி.

"காலையிலேர்ந்து மூஞ்சிக்கு நேரா ஃபிளாஷ் அடிச்சுக்கிட்டே இருந்தா. வயசான சிங்கம். அதிர்ச்சியில இதயம் நின்னுபோச்சு."

"ஓகா... முதலாளி, ஃபிளாஷ்ல உசுரு போகுமா?" என்றாள் ரிசிகாட். "அப்படின்னா நம்ம ஊர்ல ஒரு மாப்பிள்ளையும் கல்யாணத்தன்னிக்கு ராத்திரி வரைக்கும் தாங்க மாட்டானே."

கூட்டம் சிரித்தது. போபூலா சிரிக்கவில்லை. கேமராவைப் பிடுங்கினார். மெமரி கார்டை உருவினார். பக்கத்திலிருந்த முதலைக் குளத்தில் வீசினார்.

"ப்ளக்..."

முதலை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா' என்பது போல மூடிக்கொண்டது.

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் எக்பென்யோங் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார். கையில் சுட்ட இறைச்சிக் குச்சி. முகத்தில் லீவு கெட்ட கடுப்பு.

"பொணம் எங்க?"

"கூண்டுக்குள்ள சார்."

எட்டிப் பார்த்தார். "நேத்து இந்த ஊர்ல எத்தனை ஆடு போச்சு... ஒருத்தனாவது எனக்கு போன் பண்ணானா? சரி. யாரு அந்தப் பொண்ணு?"

"இவதான் சார்," என்றார் போபூலா.

"கேமராவ எடுத்துக்குங்க. பொண்ண வண்டியில ஏத்துங்க."

ரிசிகாட் வழியை மறித்து நின்றாள். அந்தக் கேமராதான் அவள் சாப்பாடு. ஸ்டேஷனுக்குள் போனால், ஜாமீன் கையெழுத்துப் போட அவளுக்கு ஆளே கிடையாது.

"சார்... என்னை ஏத்துறதுக்கு முன்னால கேட் வரைக்கும் வாங்க. பாய்ல படம் இருக்கு."

"என்ன பாய்?"

"நீங்க லீவுக்கு வெளிய போனதே இல்லையா சார்?"

இங்கே போட்டோக்காரர்கள் யாரும் 'படம் எடுக்கட்டுமா' என்று கேட்பதில்லை. எடுப்பார்கள். ஜெனரேட்டரில் பிரின்டரை ஓட்டி அச்சடிப்பார்கள். கேட்டருகே பாய் விரித்துப் பரப்புவார்கள். வீட்டுக்குப் போகிறவன் குனிந்து தன் முகத்தைத் தேடி எடுத்து, காசைக் கொடுத்துவிட்டுப் போவான். விட்டுவிட்டுப் போகமாட்டான். ஊரார் செருப்பு முகத்தை மிதிக்கலாமா?

பாய்க்குக் காவல், டிக்கெட் கிழிக்கும் ஃபலிலாட்.

இன்ஸ்பெக்டர் குந்தினார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நேரம் அச்சாகியிருந்தது.

ஒன்பது இருபது. மஞ்சள் உடைக் குடும்பம். பின்னால் சிங்கம், இடது கால் மேல் தாடை.

பத்தே கால். பச்சை உடைக் குடும்பம். இடது கால் மேல் தாடை.

பன்னிரண்டு ஐம்பது. ஐஸ்கிரீமோடு நாலு பெண்கள். இடது கால் மேல்...

"குடும்பம் மாறுது," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "நிழல் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போயிடுச்சு. சிங்கம் மட்டும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி அசையாம இருக்கு."

"தூங்கியிருக்கும் சார்," என்றார் போபூலா.

"கண்ணத் தொறந்துக்கிட்டா?"

"எனக்கென்ன தெரியும்? இன்னிக்கு நான் அந்தக் கூண்டுப் பக்கமே போகல. அந்தம்மா கத்தினப்புறம்தான் வந்தேன்."

ரிசிகாட் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசை... முதல் இடம்... காலி.

"சார், ஒரு படம் காணோம். எட்டு நாற்பத்திரண்டு. கேட் தொறக்கறதுக்கு முன்னால, வெளிச்சம் சரியா இருக்கான்னு தூரத்துலேர்ந்து கூண்டை ஒண்ணு எடுத்தேன். உள்ள யாரோ இருந்தாங்க. யாருன்னு நான் பார்க்கல. இன்னிக்கு நூத்துக்கும் மேல அடிச்சிருக்கேன், தலை வெட்டுப்படாம இருக்கான்னுதான் பார்ப்பேன். யாரா இருந்தாலும் வந்து வாங்கிக்குவாங்கன்னு பரப்பிட்டேன்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "ஃபலிலாட், அந்தப் படத்தை யார் எடுத்தா?"

ஃபலிலாட் தன் மருதாணியை ஆராய்ந்தாள்.

"மதியம் பன்னெண்டு மணிக்குப் போயிடுச்சு சார்."

"காசு?"

"வாங்கல."

"ஏன்?"

"சம்பளம் குடுக்கிறவர்கிட்ட எப்படி சார் கேக்கிறது?"

போபூலா ஓரடி பின்வாங்கினார். அதற்குள் இன்ஸ்பெக்டரின் கை அந்த நீல அங்கியின் பைக்குள் புகுந்துவிட்டது.

வெளியே வந்தது படம்.

கூண்டுக்குள் போபூலா. அதே அங்கி. ஒரு கை இடுப்பில். ஒரு கால் செத்த சிங்கத்தின் வயிற்றில். எதிரே தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து வைத்த அவருடைய போன். வேட்டைக்காரர் தன்னைத்தானே எடுத்துக்கொண்டிருக்கிறார்!

அவர் ஷூவுக்குக் கீழே சிங்கத்தின் விலா எலும்புகளை எண்ணலாம்.

"ஓ... உங்க படத்தைப் பாய்ல பார்த்ததும்தான் என்னைக் கொலைகாரியாக்கணும்னு தோணிச்சா ஓகா?" என்றாள் ரிசிகாட்.

"எலும்பும் தோலுமா கிடக்கு," இன்ஸ்பெக்டர் போபூலாவின் தொந்தியைப் பார்த்தார். "இதுக்குன்னு வந்த இறைச்சி எங்க?"

"அவர் ஃப்ரீசர்ல இடமில்லன்னு எங்க வீட்டுல ரெண்டு தொடை வச்சிருக்கார் சார்," என்றாள் ஃபலிலாட், மருதாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போபூலா அங்கியை இழுத்து விட்டுக்கொண்டார். "காலையில வந்து பார்த்தேன்... செத்துக் கிடந்துச்சு. வாசல்ல அவ்வளவு கூட்டம் சார். சிங்கம் இல்லன்னா யார் உள்ள வருவா?"

இன்ஸ்பெக்டர் கேமராவை ரிசிகாட்டிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். போபூலாவின் மணிக்கட்டில் விலங்கு ஏறியது.

"ஒண்ணு மட்டும் புரியல மேனேஜர். கார்டை முதலைக்குப் போட்டீங்க. இந்தப் படத்தை ஏன் கிழிச்சுப் போடல?"

போபூலா படத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"போன்ல எடுத்ததுல தலை வெட்டுப்பட்டுருச்சு சார்... என் ஆயுசுல இவ்வளவு நல்லா நான் எதுலயும் வந்ததில்ல."

ரிசிகாட் உபரி கார்டைச் செருகிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தபடி போபூலாவின் தோளில் கை போட்டார்.

"அப்படின்னா நிமிர்ந்து நில்லுங்க. ஸ்டேஷன்ல எடுக்கிற படம் கண்றாவியா இருக்கும்... இவ கையாலயே ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போயிடலாம்."