கீழ்க்கோடு

கம்பி இன்னும் யார் உடம்புக்குள்ளும் போகவில்லை. உப்புநீர்க் கிண்ணத்தில் சுருண்டு கிடந்தது. ஆனால் திரையில் கீழ்க்கோடு துடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் அதையே பார்த்தாள். காலை பத்து மணி. ஏசியின் குளிரும், ஸ்பிரிட் வாசனையும், சுவருக்குப் பின்னால் ஓயாமல் உறுமும் மெஷினின் சத்தமும் பத்து வருடமாக அவளுக்குப் பழகியவை. இந்தத் துடிப்பு மட்டும் புதிது. ஒயரைக் கழற்றி மாட்டினாள். கோடு படுத்துவிட்டது. மாட்டினது சரியில்லை போலிருக்கிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

மேஜையில் படுத்திருந்தவன் அவள் தம்பி.

“அக்கா, நான் பாஸா ஃபெயிலா, சட்டுனு சொல்லிடு!” என்று கத்தினான். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

வேலை இதுதான். முடி மாதிரி மெல்லிய கம்பி இதயத்தின் இரத்தக்குழாய்க்குள் போகும். அடைப்புக்கு முன்னால் உள்ள அழுத்தம் மேல்கோடு. அடைப்பைத் தாண்டிய கம்பி நுனி காட்டுவது கீழ்க்கோடு. மேலே நூறு என்றால் கீழே எவ்வளவு என்று மெஷின் சொல்லும். எண்பதுக்கு மேல் வந்தால் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம், குறைந்தால் ஸ்டென்ட். கடைசியில் கம்பியை அடைப்புக்கு வெளியே இழுத்து, இரண்டு கோடும் ஒன்றாகப் படிகிறதா என்று பார்க்க வேண்டும். படியாவிட்டால் கம்பி பொய் சொல்லியிருக்கிறது என்று அர்த்தம். முதலிலிருந்து அளக்க வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பள்ளி வேன் டிரைவருக்குப் படியவில்லை. அவள் பார்த்தாள். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டார், அவளுக்கோ பசி வயிற்றைக் கிள்ளியது. வாயைத் திறக்கவில்லை. உண்மையில் எழுபத்தைந்தாக இருக்க வேண்டியது எண்பத்து மூன்று என்று ரிப்போர்ட்டில் ஏறியது. பதினோராம் நாள் அந்த மனிதர் குளியலறையில் விழுந்து செத்துப்போனார். நகல் கேட்டு வந்த மனைவிக்கு இவளே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அந்தம்மா நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது கம்பி தம்பியின் அடைப்பைத் தாண்டியது. குழாயை விரிக்கும் மருந்து ஏறியது.

“நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்குக்கா.”

“ரெண்டு நிமிஷம்தான்டா. பொறுத்துக்கோ.”

தொண்ணூறு. எண்பத்தேழு. எண்பத்து மூன்று. நின்றுவிட்டது.

“பாஸ்!” என்றார் டாக்டர். “ஸ்டென்ட் வேண்டாம்.” கம்பியைப் பின்னால் இழுத்தார்.

கோடுகள் படியவில்லை. மேலே தம்பியின் துடிப்பு நிதானமாக ஓடியது. கீழே வேறொன்று. மேலே ஒன்று துடிப்பதற்குள் கீழே இரண்டு துடித்தது. அது வேறு யாருடைய இதயமோ.

“டாக்டர், கோடு படியல. திரும்ப எடுக்கணும்.”

டாக்டர் தன் பக்கத்துத் திரையைப் பார்த்தார். “எங்கம்மா? ரெண்டும் ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு.”

ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. அவர் தலையைத் திருப்பியதும் பிரிந்தன.

“தயவுசெஞ்சு, இன்னொரு தடவை.”

அவளுக்காக இன்னொரு தடவை எடுத்தார். மறுபடி மருந்து. மறுபடி தம்பியின் முனகல். மறுபடி எண்பத்து மூன்று.

சொல்லித்தான் ஆக வேண்டும். எழுந்து உள்ளே போய் டாக்டரின் காதருகே சொன்னாள். “அந்த வேன் டிரைவருக்கும் இதே நம்பர்தான். அன்னைக்குக் கோடு படியல. பார்த்துட்டு நான் சொல்லல.”

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

“செத்தவன் எழுந்து வரப்போறானா? அதை இனிமே யார்கிட்டயும் சொல்லாதே. இன்னைக்கு எல்லாம் சரியா இருக்கு. தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போ.”

கம்பியை உருவிக் குப்பைக்கூடையில் போட்டார். நர்ஸ் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். மேல்கோடு படுத்தது. கீழ்க்கோடு படுக்கவில்லை. வேகமாக. இன்னும் வேகமாக. பிறகு தடுமாறியது. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று. அப்புறம் எதுவும் இல்லை.

அவள் வெளியே ஓடினாள்.

நடைபாதையில் தள்ளுவண்டியில் தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். அம்மா அவன் நெற்றியில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். “பிள்ளைக்கு ஒண்ணுமில்லையாம்டி! ஸ்டென்ட்டே வேண்டாமாம்!” என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

“நான் பாஸாயிட்டேன்ல?” என்றான் அவன். முகமெல்லாம் சிரிப்பு.

அவள் அவனுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை மாற்றி வைத்தாள். அழுத்தினாள். கழுத்தில் வைத்தாள். குளிர்ந்த தோல். அதற்கு அடியில் ஒன்றும் அசையவில்லை. அம்மா அவன் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

அவன் சிரிப்பு மாறாமல் அவளைப் பார்த்தான்.

“என்னக்கா தேடுற?”