மூக்கைத் தூக்கிய விமானம்

பசை நன்றாகக் காய்ந்ததும் ஆதிரா விமானத்தை மேஜைமேல் வைத்தாள். மெல்லக் கையை எடுத்தாள்.

டக்!

வால் மேஜையில் இடித்தது. மூக்கு மேலே போனது. முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது.

"ஐ! அக்கா, பறக்கப் போகுது!" என்று கைதட்டினான் தம்பி ஸ்ரீஜித்.

"பறக்கல்லடா. வாலக் கீழ வச்சு உக்காந்திருச்சு."

ஆதிரா மூக்கைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். விட்டதும் மறுபடியும் டக்! ரொம்ப ரோஷமான விமானம்தான்.

ஆனால் ஆதிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளியில் மாதிரி விமானப் போட்டி. அதற்கு இரண்டே விதிகள். விமானப் பாகங்கள் வரும் பெட்டியில் இருப்பதை வைத்து மட்டும் செய்ய வேண்டும். விமானம் தன் சக்கரங்களில் தானாக நிற்க வேண்டும். நிற்காத விமானத்துக்கு மேஜையில் இடமில்லை.

இரண்டு வாரமாக அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு பாகமாக வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, சாம்பல் நிறம் அடித்து, இறக்கையில் மஞ்சள் கோடு போட்டிருந்தாள்.

ஒரே ஒரு வேலையை மட்டும் ஸ்ரீஜித்துக்குக் கொடுத்திருந்தாள். பைலட்! சுண்டுவிரல் நகம் அளவுதான் பொம்மை. அதற்கு வண்ணம் பூச ஸ்ரீஜித்துக்கு மூன்று நாள் ஆனது. மூச்சை அடக்கிக்கொண்டு பூசுவான். மூச்சு முட்டினால் ஓடிப்போய் ஜன்னலோரம் விட்டுவிட்டு வருவான். அப்பாவுக்கு இருப்பதைப் போல மீசையும் வைத்தான். பிறகு அவர்கள் வீடு இருந்த சாலைக் கடைத்தெரு முழுக்க, "எங்க பைலட் சனிக்கிழம போட்டிக்குப் போறாரு" என்று சொல்லிவிட்டும் வந்தான்.

"எங்க தப்பு வந்தது?" ஆதிரா செய்முறைத் தாளைப் பிரித்தாள்.

தப்பு நான்காம் படத்தில் இருந்தது. மூக்குக்குள் மூன்று கிராம் எடை வைக்கச் சொல்லி, பக்கத்திலேயே 'எடை பெட்டியில் இல்லை' என்றும் போட்டிருந்தது. அன்றைக்கே ஆதிரா அதைப் பார்த்தாள். பெட்டியில் இல்லாததைச் சேர்க்கக் கூடாதே! விதி என்றால் விதி என்று அந்தப் படத்தைத் தாண்டிப் போய்விட்டாள். நேர்மையாக இருக்கப் போய் வந்த வினை இது.

இப்போது பசை டப்பாவைப் பார்த்ததும் அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. உடனே மாதிரி விமானக் குழுவின் ஆஷா டீச்சருக்குப் போன் செய்தாள்.

"டீச்சர், பசையும் பெயின்ட்டும்கூடப் பெட்டியில இல்ல. ஆனா தாள்ல சொல்லியிருக்குன்னுதான போடுறோம்? அப்போ எடையும் வைக்கலாமா?"

"வைக்கலாம் மோளே! தாள்ல சொன்னதெல்லாம் செய்யலாம். சொல்லாததச் செய்யத்தான் பாடில்ல. நீ இது முதல்லயே கேட்டிருக்கலாமல்லோ?" என்றார் டீச்சர், மலையாளம் கலந்த தமிழில்.

கேட்டிருக்கலாம்தான். இப்போது விமானம் நாலாபுறமும் ஒட்டி மூடிக் கிடந்தது.

பெரியப்பா மகன் தாணுமாலயன் வந்து எட்டிப் பார்த்தான். ஒன்பதாம் வகுப்பு. தெரியாதது எதுவும் இல்லை என்று அவனுக்கு நினைப்பு.

"இதுக்குப் போயி ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? கண்ணாடி மூடியத் திற. பைலட்டப் பிச்சு எடு. அந்த ஓட்ட வழியா எடையப் போடு. அவ்வளவுதான!"

"பிச்சா உடஞ்சிருமே, தாணு அண்ணா."

"உடஞ்சா என்ன? ஆளில்லாம மூடிரு. யாரு பாக்கப் போறா?"

ஆதிரா தம்பியைப் பார்த்தாள். அவன் விமானத்தின் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரவால்லக்கா," என்றான் ஸ்ரீஜித். "எடுத்துக்கோ. நான் அவருட்ட சொல்லிக்கிடுதேன்."

அழுது அடம் பிடித்திருந்தால்கூட ஆதிராவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"ஒருத்தரும் பைலட்டத் தொடக்கூடாது!" என்றாள். "வேற வழி பாப்போம்."

விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினாள். முன்சக்கரம் மடங்கிக்கொள்வதற்காக மூக்குக்குக் கீழே ஒரு சின்னப் பொந்து இருந்தது. ஒரு மிளகு தாராளமாகப் போகும். மிளகு அளவில் கனமாக ஒன்று வேண்டுமே!

ஆதிரா படியிறங்கிக் கீழே ஓடினாள். கீழேதான் அப்பா ஜெயகுமாரின் இரும்புச் சாமான் கடை.

"அப்பா, சைக்கிள் பெடலுக்குள்ள போடுற பால்ஸ் வேணும். சின்னது."

"எதுக்கு மக்ளே?"

"விமானத்துக்கு மூக்குல கனம் பத்தல்ல."

"நம்ம கடையில விமானத்துக்கும் சாமான் உண்டுன்னு எனக்கே இப்பத்தான் தெரியும், கேட்டியா," என்று சிரித்தபடி அப்பா ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

முதலில் அந்த இரும்புக் குண்டுகளை ஒவ்வொன்றாக மூக்குக்கு வெளியே ஒட்டும் நாடாவில் ஒட்டிப் பார்த்தாள். பதினொன்றாவது குண்டில் மூக்கு மெல்லக் கீழே வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று சேர்த்துப் பன்னிரண்டாக எண்ணி வைத்தாள். பிறகு பொந்து வழியாக மளமளவென்று உள்ளே போட்டு, விமானத்தை நிமிர்த்தி வைத்தாள்.

கடகடகட... டக்!

பன்னிரண்டு குண்டுகளும் வாலுக்கு உருண்டு ஓடிவிட்டன. விமானம் முன்பைவிட அழுத்தமாக உட்கார்ந்தது. அவசரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

தாணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆதிராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூவருமாக விமானத்தைக் குலுக்கிக் குலுக்கி ஒவ்வொரு குண்டாக வெளியே எடுத்தார்கள். பன்னிரண்டாவது குண்டு கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. தாணுதான் தவழ்ந்து போய் எடுத்து வந்தான்.

இந்தமுறை ஆதிரா ஒரு தம்ளருக்குள் பழைய வேட்டித் துணியைச் சுற்றி வைத்தாள். பொந்துக்குள் வெள்ளைப் பசையைக் கொஞ்சம் விட்டுக் குண்டுகளைப் போட்டாள். அவை மூக்கிலேயே தங்கும்படி விமானத்தை மூக்கு கீழாகத் தம்ளருக்குள் நிறுத்தினாள்.

"காலையில வரைக்கும் பைலட்டு தலகீழாத்தான் இருக்கணுமா?" ஸ்ரீஜித் கவலையோடு கேட்டான்.

"பெல்ட்டு போட்டிருக்காருடா. விழமாட்டாரு."

மறுநாள் காலையில் ஆதிரா அதைத் தம்ளரிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துக் கையை எடுத்தாள். விமானம் மூன்று சக்கரத்திலும் நின்றது. ஸ்ரீஜித் வாலை ஒரு விரலால் தட்டினான். லேசாக ஆடிவிட்டு மறுபடியும் நின்றது.

போட்டிக்கு நடுவராக வந்தவர் சேஷன் சார். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒவ்வொரு மேஜையாக வந்தார். ஆதிராவின் விமானத்துக்குள் வெகுநேரம் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"பைலட்டோட நெத்தியில என்னம்மா மஞ்சளா?"

ஆதிரா குனிந்து உள்ளே பார்த்தாள். அவளே அதைக் கவனித்திருக்கவில்லை.

"சந்தனம் சார்," என்றான் பக்கத்தில் நின்ற ஸ்ரீஜித். "தூரமாப் போறவங்க பழவங்காடிப் பிள்ளையாரக் கும்பிட்டுட்டுத்தான போவாங்க? அவரும் போயிட்டு வந்தாரு."

"ஓ! சந்தனம் வைக்கச் செய்முறைத் தாள்ல சொல்லியிருக்கா?"

ஸ்ரீஜித் அக்காவைப் பார்த்தான். ஆதிரா இறக்கையில் இருந்த மஞ்சள் கோட்டைக் காட்டினாள்.

"பைலட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கு சார். இது இறக்கைக்கு அடிச்ச அதே மஞ்சள்தான். வெளியில இருந்து எதுவும் சேர்க்கல்ல."

சேஷன் சார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

பரிசு கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? கிடைத்தது, மூன்றாம் பரிசு. 'செய்தவர்: ஆதிரா' என்று இருந்த அட்டையில் அவள் பேனாவால் இன்னொரு வரி எழுதினாள்: 'பைலட்: ஸ்ரீஜித்'. அதை எழுதும்போது அவளுக்கு முதல் பரிசே வாங்கியதுபோல் இருந்தது.

அப்பா, தாணுவோடு திரும்பும் வழியில், பழவங்காடிக் கோயில் பக்கம் வந்ததும் ஸ்ரீஜித் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, பிள்ளையாருக்கு ஒரு தேங்கா அடிக்கணும். விமானம் பத்திரமா இறங்கிருச்சில்லா?"

"லேய், அது பறக்கவே இல்லியே! பின்ன எப்படி இறங்கும்?" என்றான் தாணு.

"மூக்கு இறங்கிச்சில்லா!" என்றான் ஸ்ரீஜித்.

அப்பா தேங்காய்க் கடையைப் பார்த்து நடந்தார்.