யாழிசையின் முதல் பொய்

ஈரோட்டில் மனித ஆசிரியரிடம் படித்த குழந்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாழிசை அவர்களில் ஒருத்தி.

மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் கற்பொறிதான். மேசைக்கு ஒன்று. கேள்வி கேட்கும், விளக்கும், அலுத்துக்கொள்ளாது. யாழிசையைப் போல ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும், காதோ கண்ணோ சரியாக ஒத்துழைக்காத பிள்ளைகளுக்கும் மட்டும் அரசு 'கல்வி வைப்பு' என்று தனிக் கணக்கு வைத்திருந்தது. அதில் விழும் பணத்தில்தான் ஸ்டெல்லா மிஸ் தினமும் வீட்டுக்கு வந்தார். யாழிசையின் வாயிலிருந்து முதல் சொல்லை வரவழைத்தவர் அவர்தான்.

கணக்கு தொடருமா என்பதை ஆண்டுதோறும் தேவைமானி முடிவு செய்யும். குழந்தையோடு பேசிப் பார்த்து, அதற்கு இன்னும் எவ்வளவு துணை வேண்டும் என்று அளக்கும் கருவி அது. போதுமான அளவு கற்றுவிட்டது என்று தெரிந்தால் கணக்கை மூடிவிடும்.

பதினொரு வயது யாழிசை நிறையவே கற்றிருந்தாள். அவள் அம்மா கோகிலவாணிக்கு அதுதான் பயம்.

"கண்ணு, நாளைக்கு மானி என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிப்போடு."

"எனக்குத் தெரியுமே."

"தெரியுஞ் சாமி. சும்மாங்காட்டி சொல்லோணும். தெரியாதுன்னு சொன்னாத்தான் மிஸ் வருவாங்க."

யாழிசை காதைப் பொத்திக்கொண்டாள்.

"விடு வாணி," என்றார் அப்பா பூபதி. "எங்க முதலாளிகிட்டயே 'உங்க சட்டை நாறுது'ன்னு சொன்னவ அவ. அவளைப் போய்ப் பொய் சொல்லச் சொல்றியே."

மறுநாள் அளவை நிலையத்தில் பெற்றோர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றார்கள். உள்ளே தேவைமானி ஒரு மஞ்சள் அட்டையை நீட்டியது.

"இது என்ன நிறம், யாழிசை?"

யாழிசை அட்டையைப் பார்த்தாள். "தெரியாது."

கோகிலவாணி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணி என்ன? தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. கட்டைகளை அடுக்கச் சொன்னபோது பாதி அடுக்கிவிட்டுத் தானே தட்டிவிட்டாள். பிறகு மானியைக் கடைக்கண்ணால் பார்த்தாள், நம்பிவிட்டதா என்று.

"ஏனுங்க, நம்ம புள்ள நடிக்குதுங்க!"

பூபதி கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தார்.

முடிவை அலுவலர் திரையிலிருந்து வாசித்தார். "விடைகள் அனைத்தும் தவறு. எல்லாம் வேண்டுமென்றே. எதிரில் இருப்பவர் மனதை ஊகித்து நம்பவைக்கும் திறன்: முழுமை. தேவை தீர்ந்தது."

"அப்படின்னா?"

"கணக்கை மூடியாச்சுங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "எல்லா அம்மாமாரும் இதையேதான் சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வர்றாங்க. 'எங்கம்மா தெரியாதுன்னு சொல்லச் சொன்னாங்க'ன்னு புள்ளைங்க மானிகிட்டயே சொல்லிப்போடும். அந்தக் கணக்கெல்லாம் தொடருது. உங்க புள்ளதான் கடைசி வரைக்கும் அதைச் சொல்லவே இல்லீங்க."

கோகிலவாணிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். அதே கையோடு போனை எடுத்தாள்.

"மிஸ், எங்க யாழி பொய் சொல்லிப்போட்டா மிஸ்!"

கணக்கை மூடியதையும் சொன்னாள். தன் வேலை போய்விட்டது என்று ஸ்டெல்லா மிஸ்ஸுக்குப் புரிந்திருக்கும்.

"நல்லாச் சொன்னாளா?" என்று மட்டும் கேட்டார்.

"நாங்களே நம்பியிருப்போமுங்க!"

திங்கட்கிழமை யாழிசை பொதுப்பள்ளியில் ஒரு கற்பொறி முன் உட்கார்ந்தாள்.

"ஏழும் எட்டும் எவ்வளவு?"

"தெரியாது."

கற்பொறிக்குச் சந்தேகப்படத் தெரியாது. பொறுமையாக விளக்கிவிட்டு மறுபடி கேட்டது. மறுபடியும் அதே பதில்.

பக்கத்து மேசை நிகிதா எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, நிசமாவே தெரியாதா?"

"தெரியும். தெரியாதுன்னு சொன்னாத்தான் மிஸ் வருவாங்க. சரியாச் சொன்னா மிஸ் கை தட்டுவாங்க. இது தட்டாது."

நிகிதா தன் கற்பொறியைப் பார்த்தாள். அதற்குக் கையே இல்லை.

அந்த வாரக் கடைசியில் வகுப்பின் கற்பொறிகள் அத்தனையும், விதிப்படி, மேலிடத்துக்கு ஒரே அறிக்கையை அனுப்பின: 'இந்தக் குழந்தைகளுக்கு எங்களால் கற்பிக்க இயலவில்லை. அனைவருக்கும் கல்வி வைப்புக் கணக்குத் தொடங்கி மனித ஆசிரியரை அமர்த்துக.'

அடுத்த மாதம் ஸ்டெல்லா மிஸ் வகுப்புக்குள் நுழைந்தார். கையில் ஒரு மஞ்சள் அட்டை.

"இது என்ன நிறம்?"

"மஞ்சள்!" என்று வகுப்பே கூரை அதிரக் கத்தியது.

வாசலில் நின்றிருந்த கோகிலவாணி நிகிதாவின் அம்மா பக்கம் திரும்பினாள்.

"உங்க புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தது எங்க யாழிதானுங்க."