படிக்கட்டில் நின்ற சிக்னல்

தெரிந்த ஹாட்ஸ்பாட்டைப் போன் தானாகப் பிடிக்காதபடி காலையில் அணைத்து வைத்த செட்டிங், சாயங்காலம் ஏழு மணிக்குத் தானாக ஆன் ஆகியிருந்தது. மூன்றாவது நாளாக.

ஜூடித் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வீட்டு வைஃபை விட்டுப்போயிருந்தது. ஹெப்பகோடியிலிருந்து பேசிக்கொண்டிருந்த நாத்தனார் சுனிதாவின் குரல் பாதியில் நின்றுவிட்டது. போன் யாருடைய ஹாட்ஸ்பாட்டையோ தேடிப் பிடித்திருந்தது. பெயர், அமல். ஒரே ஒரு கோடு.

அமல் அவள் கணவன். அவன் இறந்து முப்பதாம் நாள் பூசை போன வாரம்தான் முடிந்தது.

பெங்களூர் தொம்மலூரின் அந்த மூன்றாவது மாடி வீட்டில் அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த வழக்கம் ஒன்று இருந்தது. அமல் ஹாட்ஸ்பாட்டை அணைக்கவே மாட்டான். பஸ்ஸை விட்டிறங்கி அவன் கேட்டுக்குள் நுழைந்ததும், அவள் போன் வைஃபையை உதறிவிட்டு அவனிடம் ஓடும். ஒரு கோடு என்றால் கேட். இரண்டு என்றால் மாடிப்படி. மூன்று வருவதற்குள் அவள் டீக்குத் தண்ணீர் வைத்திருப்பாள்.

ஆபீஸ் மீட்டிங் அறுந்துபோகிறதென்று ஒரே ஒருநாள் அந்த செட்டிங்கை அணைத்தாள். அன்றுதான் அவன் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாற்பது நிமிஷம் யாரும் பார்க்கவில்லை. அணைக்காமல் இருந்திருந்தால் இரண்டு கோட்டிலேயே நிற்பதைப் பார்த்திருப்பாள், இறங்கி ஓடியிருப்பாள். மீட்டிங் ஒருமுறைகூட அறுபடவில்லை.

சவப்பெட்டியை மூடுமுன் அவன் கோட் பாக்கெட்டில் அவனுடைய போனை வைத்தது அவள்தான். அதை அணைக்க மட்டும் கை வரவில்லை.

சுனிதா சாதாரண போன் அழைப்பில் மறுபடி வந்தாள்.

"என்ன அண்ணி, எங்க அண்ணன் மாதிரியே பாதியில கட் பண்றீங்க."

"அமல்னு காட்டுது, சுனிதா."

சுனிதா குரலைத் தாழ்த்தினாள்.

"பில்டிங்ல வேற யாராச்சும் அமல் இருப்பாங்க. லிஸ்ட்ல இருந்து டெலிட் பண்ணிடுங்க. பேசாம நாலு நாள் இங்க வந்து இருங்க அண்ணி."

"பண்றேன்."

விரல் அந்தப் பெயர் மேல் நின்றது. அழுத்தவில்லை.

கோடு இரண்டானது.

கீழே காய்கறி வண்டிக்காரனின் குரலும், எதிர்வீட்டு டிவியில் கன்னடத்தில் யாரோ அழுவதும், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தமும் ஒவ்வொன்றாக அடங்கின. இரண்டு கோடு. ஐந்து நிமிஷம். பத்து. கூடவுமில்லை, குறையவுமில்லை.

இந்தமுறை அவள் இறங்கிப் போனாள்.

திருப்பத்தில் ஒருவரும் இல்லை. பல்பு மங்கலாக எரிந்தது. மழை பெய்து பல நாளாகியும் அங்கே ஈரமண் வாடை, தோண்டியெடுத்த மண்ணின் வாடை, தொண்டையில் ஒட்டுமளவு. அவன் சாய்ந்து கிடந்த சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது.

"வா அமல்," என்றாள். "டீ போடறேன்."

திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. வாடை மட்டும் கூடவே ஏறிற்று.

கதவைத் தாழிட்டாள். கூடத்தில் இரண்டு. சமையலறையில் இரண்டு. படுக்கையறை வாசலில் மூன்று.

அவன் பக்கத்துப் போர்வை காலையில் மடித்து வைத்தது. இப்போது விரிந்திருந்தது. நடுவில் மேடாக.

போனைப் பார்த்தாள். அமல் என்ற பெயரின் பக்கத்தில் அந்தப் போனில் மிச்சமிருக்கும் பேட்டரி. ஒரு சதவீதம்.

அணைந்துவிடும். இன்னொருமுறை.

அவனுடைய பழைய சார்ஜரை எடுத்துச் சுவரில் செருகினாள். ஒயரின் மறுமுனையைப் படுக்கையில் வைத்தாள். பின்வாங்கி நின்றாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு ஒயர் அசைந்தது. விரலளவு விரலளவாக. மெதுவாக. போர்வைக்குள் போயிற்று. விறைத்து நின்றது.

ஒரு சதவீதம், இரண்டானது.